ஆயிரம் குஞ்சு எடுத்தால்

எனக்கு இருநூற்றைம்பது என்றால் இருநூற்றைம்பதுதான். ஒரு தடவைக்கு அவ்வளவு கோழிக்குஞ்சுதான் எடுப்பேன். பட்டா என்ற சின்ன லொறியில் குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வரும் ஏஜென்ட் தம்பி, "அக்கா, இன்னும் ரெண்டு பெட்டி கிடக்கு, எடுங்களன்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "உங்கட மடியிலயா தம்பி வச்சு வளக்கப்போறிங்க?" என்று நானும் ஒவ்வொரு முறையும் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு பெட்டியைத் திரும்ப ஏற்றுவார். கோபிக்க மாட்டார். நல்ல பிள்ளைதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத விசயம். யாரையாவது நாலு வார்த்தை வைதுவிட்டு ஆறலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை.

அந்த எண்ணை நான் சும்மா பிடிக்கவில்லை. மண்டூருக்கும் வெல்லாவெளிக்கும் நடுவில், வயலைப் பார்த்தபடி பின்வளவு உள்ள வீடு எங்களுடையது. பின்வளவில் கொட்டில். அதற்குள் வளர்ந்த கோழி எத்தனை நெருக்கமில்லாமல் படுத்தெழும்பும் என்று பார்த்தேன். நான் ஒருத்தியாக எத்தனை மூட்டை தீன் இழுக்கலாம், எத்தனை வாளி தண்ணீர் தூக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி காய்ச்சும் வீடுகளை விரல்விட்டு எண்ணினேன். எல்லாம் பார்த்த பிறகுதான் குஞ்சின் விலையைக் கேட்டேன். முதலில் விலையைக் கேட்கிறவர்கள் பிறகு மற்றதெல்லாவற்றையும் விலைக்குத் தகுந்தமாதிரி வளைத்துக்கொள்வார்கள். இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

கடைக்காரரிடம் சவர்க்காரம் மிஞ்சினால் தட்டில் சும்மா கிடக்கும். அடுத்த மாதம் விற்கலாம். என் சரக்கு மிஞ்சினால் தின்னும். விடிந்தால் தின்னும், பொழுதுபட்டால் தின்னும், விற்கவேண்டிய நாள் கடந்தால் முன்னையிலும் கூடத் தின்னும். ஆகவே மிஞ்சக்கூடாது. அவ்வளவுதான் என் வியாபாரம்.

அந்த வியாபாரத்தில் நானும் மகளும் சாப்பிட்டோம், உடுத்தோம். அதற்கு மேலே எதுவும் நடக்காது. மேலே நடக்க வேண்டியதற்கெல்லாம் என் மனுசன் கட்டாரில் வேலைக்கு இருந்தார். மகள் கைப்பிள்ளையாக இருக்கும்போது போனவர், இடையில் ஒரேயொரு முறை வந்தார். வந்து நின்ற நாட்களில் அவள் அவரிடம் போகவேயில்லை. போனில் அப்பா என்று கொஞ்சுவாள், நேரில் கண்டால் என் சட்டைக்குப் பின்னால் ஒளிவாள். அவர் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் போனார். விமானம் ஏறும் முன்னர் போன் எடுத்து, "நான் வேற ஆரோ எண்டு நினைக்கிறாள் போல" என்றார். "பிள்ளதானே, மறுகா சரியாகும்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.

இந்த முறை இரண்டு லீவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு நீண்ட விடுமுறையில் வந்தார். அவள் ஏழு வயதுப் பிள்ளை இப்போது. முதல் கிழமை தூர நின்று பார்த்தாள். இரண்டாம் கிழமை சைக்கிளில் முன்னுக்கு ஏறினாள். பிறகு சொல்லத் தேவையில்லை, அப்பா தலை வாரினால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அடம். அவர் பின்னிய பின்னல் ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. அந்தக் கோலத்தோடு அவள் பெருமையாகப் போவதை வாசல் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி என்னைப் பார்க்காமலே, "நான் போகாம இருக்க வழி இரிக்கா புள்ள?" என்று கேட்டார்.

அவர் இப்படிக் கேட்டதேயில்லை. திரும்பும் டிக்கெட் பெட்டிக்குள் கிடந்தது. அந்தத் திகதிக்குப் போகாவிட்டால் விசா போய்விடும். அதற்குள் இங்கே ஏதாவது ஒன்று அந்தச் சம்பளத்துக்குக் கிட்டவாவது வரவேண்டும். எங்களிடம் இருந்தது கொட்டில் ஒன்றுதான்.

அந்தக் கிழமையே ஏஜென்ட் தம்பி வந்தார். பெட்டி இறக்க வரவில்லை, சும்மா வந்தார். சும்மா வருகிறவரை நான் கதிரை கொடுத்து இருத்துவதில்லை. மனுசன் இருத்தினார், தேத்தண்ணியும் போடச் சொன்னார். தம்பி அழகாகச் சொன்னார். ஆயிரம் குஞ்சு எடுத்தால் ஒரு குஞ்சுக்கு நாற்பது ரூபாய் குறைப்பார்களாம். தீனிலும் மூட்டைக்கு மூட்டை விலைக்கழிவாம். தீன் காசைக் கோழி விற்ற பிறகு கட்டலாமாம். குஞ்சுக்கு மட்டும் முற்பணம் கட்டவேண்டும், அது திரும்பக் கிடைக்காது. ஐந்நூறு எடுத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "அதுக்குப் பெரிசா ஒண்டுமில்ல அக்கா. ஆயிரத்துக்குத்தான் இந்த விலை."

தம்பி போன பிறகு மனுசன் போனில் கணக்குப் போடத் தொடங்கினார். எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. நாற்பதை ஆயிரத்தால் பெருக்கி, வருகிற தொகையைக் கையில் வந்துவிட்ட காசு மாதிரி என்னிடம் காட்டினார்.

"இது நமக்கு வாற காசில்ல. நாம குடுக்கிறதில குறையிற காசு" என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்ல. குஞ்சு மலிவு, சரி. மலிவாத் தின்னுமா? கொட்டிலப் பெருப்பிக்கவேணும். உமி வேணும், தண்ணி வேணும். ஆயிரத்தையும் ஆருக்கு விக்கிற? நம்மட ஊரில சனம் கூடிட்டா?"

"களுவாஞ்சிகுடிப் பக்கம் குடுக்கலாம். கடைகளுக்குக் குடுக்கலாம்."

"கடைக்காரன் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறானா?"

நான் இப்படித்தான் பேசுவேன். என் வாய்க்குப் பயந்துதான் கட்டாருக்கு ஓடினார் என்று அவருடைய ஆட்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. அன்றைக்கு அவர் பதிலுக்குப் பகிடி விடவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, "இருநூற்றம்பதில நான் இஞ்ச இரிக்கேலா புள்ள" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இருநூற்றைம்பதுக்கு நாங்கள் இரண்டு பேர்தான், அதுவும் இழுத்துப் பறித்துத்தான். ஐந்நூறு எடுத்தால் வேலை இரட்டிப்பாகும், கழிவு இல்லை, மிச்சம் பிடிக்காது. ஆயிரம் என்றால், எல்லாம் சரியாக நடந்தால், அவர் அங்கே மாதம் எடுப்பதற்குக் கிட்ட வரும். அந்த ஆயிரம் கொட்டிலைப் பார்த்து வந்த எண்ணில்லை, ஊரைப் பார்த்து வந்த எண்ணுமில்லை. கட்டார்ச் சம்பளத்தைப் பார்த்து வந்த எண். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான், "சரி, சொல்லுங்க அந்தத் தம்பிக்கு" என்றேன். அவர் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டது தப்பு என்று யாராவது இப்போது சொன்னால் அவர்களோடு நான் சண்டைக்குப் போவேன்.

அவர் கொண்டுவந்த காசில் முற்பணம் கட்டினோம். மிச்சத்தில் பழைய கொட்டிலோடு புதிதாக ஒன்று சேர்த்துப் போட்டோம். தகரம் போடக் காசு காணாது, ஆகவே கூரைக்குத் தென்னோலைக் கிடுகும் மேலே படங்குத் துணியும். கம்பு நட்டது, வலை அடித்தது எல்லாம் அவர்தான். மகள் ஆணி எடுத்துக் கொடுப்பாள். மாலையில் மூன்று பேரும் புதுக் கொட்டிலின் வெறும் நிலத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். "அப்பா நம்மோட நிக்கிறதுக்குத்தான் இந்தக் கொட்டில்" என்று அவளுக்கு அவர் சொல்லிவைத்தார். பிள்ளையிடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்று தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த நாட்கள் சந்தோசமான நாட்கள்தான், அதை நான் மறைக்கமாட்டேன்.

குஞ்சு வருகிற கிழமை வந்தது, குஞ்சு வரவில்லை. போன் எடுத்தால், "எல்லாருக்கும் குடுத்துக்கொண்டு வாறம் அக்கா. உங்கட முறை வரும்" என்றார் தம்பி. அடுத்த கிழமையும் அதே பதில். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று அப்போது நான் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்டது, "எங்களுக்கு எப்ப?" என்பதைத்தான்.

பிந்துவதில் என்ன வந்தது என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்களுக்கு அதில்தான் எல்லாம் இருந்தது. மண்டூர்க் கோயிலில் ஆவணித் திருவிழாவுக்குக் கொடி ஏறினால், கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் மீனோ இறைச்சியோ அடுப்பில் ஏறாது. கோயிலுக்கு அடிக்கடி போகாதவர்கள்கூட அதில் தவறமாட்டார்கள். கறிச்சட்டியை எல்லாம் மினுக்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். போட்டு வைத்த கணக்குப்படி குஞ்சு வந்திருந்தால், கொடிக்கு நன்றாக முந்தியே கோழி விற்று முடிந்திருக்கும். இப்போது வந்தால் கோழி எடை பிடிக்கும் நாளும் கொடியேற்றமும் முட்டிக்கொண்டு நிற்கும்.

கடைசியில் ஒரு நாள் காலையில் வாகனம் வந்து நின்றது. பெட்டி பெட்டியாக, கீச்சுக் கீச்சென்று. இறக்குவதா வேண்டாமா என்று நானும் மனுசனும் படலையடியில் நின்று ஆளையாள் பார்த்தோம். இறக்காவிட்டால் முற்பணம் போய்விடும். அவரும் போய்விடுவார்.

"கொடிக்கு முந்தின ஞாயிறு இரிக்குத்தானே" என்றார் அவர்.

அது எங்கள் ஊர் வழக்கம். கொடி ஏறும் முன்னே வரும் கடைசி ஞாயிறு எல்லா வீட்டிலும் இறைச்சி காய்ச்சியே ஆகவேண்டும். இனித் தீர்த்தம்வரை இல்லை என்று, இல்லாதவர்களும் கடன்பட்டாவது வாங்கி ஒரு கை பார்ப்பார்கள். அடுத்த நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்து வீடு கழுவினால் சரி. வருசா வருசம் அந்த ஞாயிற்றுக்கு என் கொட்டில் மத்தியானத்துக்குள் வெறுமையாகிவிடும், வந்தவர்களில் பாதிப் பேர் கோழி இல்லாமல் திரும்பிப் போவார்கள். அவர்களுக்கெல்லாம் இந்த முறை கொடுக்கலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் எடை குறைந்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு நாளில் முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம். மிச்சத்தைக் கடைகளுக்குக் கொடுக்கலாம். இறக்கினோம்.

குஞ்சுகள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஒரு நோய் நொடி இல்லை. மனுசன் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். வெளிச்சம் போட்டுச் சூடு காட்டுவது, உமி மாற்றுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்தான். தீன் மூட்டைகள் தம்பியின் வாகனத்தில் வந்து இறங்கிக்கொண்டேயிருந்தன. முதலில் கிழமைக்கு ஒரு தடவை வந்த வாகனம் பிறகு இரண்டு தடவை வந்தது. இருநூற்றைம்பது தின்னும்போது எனக்குச் சத்தம் கேட்பதில்லை. ஆயிரம் சேர்ந்து தின்றால் குசினிக்குள் நிற்கும்போதே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க அவருக்கு நித்திரை நன்றாக வந்தது. எனக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாளே தராசைக் கழுவி வைத்தோம். விடியவே நாலு பேர் வந்து வாங்கிப் போனார்கள். பிறகு இன்னும் சிலர். வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த வாகனம், கூடு கூடாகக் கோழி, எங்கள் விலைக்கு நூறு ரூபாய் குறைவு. "ஒரு ஆள்தானே, போகட்டும்" என்றார் மனுசன். அது போய்ச் சந்தி திரும்பவில்லை, அடுத்த வாகனம் வந்தது. அது இன்னும் குறைவு. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவரின் முகம் செத்துப்போயிருந்தது. பழுகாமம் வரைக்கும் சந்திக்குச் சந்தி கூடு வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்களாம். எல்லாம் எங்களைப்போலக் கொட்டில் வைத்திருக்கிற ஆட்கள். எல்லாரும் ஆயிரம் எடுத்தவர்கள். எல்லாருக்கும் அந்த நாற்பது ரூபாய் குறைந்திருக்கிறது.

நாங்களும் விலையைக் குறைத்தோம். பிறகும் குறைத்தோம். மத்தியானத்துக்கு மேல் வந்த ஒரு மனுசி, நான் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "சந்தியில ஒண்டு வாங்கினா ஒண்டு சும்மா குடுக்கிறாங்ககா" என்றாள். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பொழுதுபடும்போது கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். முந்நூறுகூடப் போயிருக்காது. மிச்சமெல்லாம் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தன.

கொடி ஏறியது. எங்கள் வீட்டிலும்தான் சட்டிபானை கழுவி, வாசல் தெளித்து, விரதம் பிடித்தோம். பின்வளவில் எழுநூறு இறைச்சிக்கோழி, குசினியில் பருப்பும் கீரையும். கடைக்காரர்களைக் கேட்டால், "இப்ப ஆரு வாங்குற?" என்றார்கள். தூர இடத்து மொத்த வியாபாரி ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் லொறியை அனுப்பும் முன்னமே விலையைச் சொல்லிவிட்டார், அடிமாட்டு விலை. பேரம் பேசலாம் என்று மனுசன் வாயெடுக்க, "அண்ணன், காலமயிலயிருந்து உங்கட பக்கம் எத்தின பேர் எனக்குப் போன் எடுத்த தெரியுமா?" என்று கேட்டாராம். லொறி வந்து இருநூறை ஏற்றியது. அதற்கு மேல் இடமில்லை, மற்ற வீடுகளுக்கும் போகவேண்டும் என்று போய்விட்டது. அந்தக் காசு அதுவரை தின்ற தீனுக்கே போதாது.

போதாக்குறைக்குக் கச்சான் காற்று. மேற்கிலிருந்து அடிக்கும், மழை கொண்டுவராது, நெருப்பைத்தான் கொண்டுவரும். அந்தக் காற்று அடிக்கும் காலத்தில் மத்தியானம் வளவுக்குள் மனிதரே நிற்க முடியாது. எடை போட்ட கோழிக்கு அது தாங்காது. ஏற்கனவே விற்றிருக்கவேண்டிய கோழிகள், தங்கள் எடையைத் தாங்களே தூக்க முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. மனுசன் பழைய கொட்டிலில் இருந்த விசிறியைக் கொண்டுவந்து பூட்டினார். ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மூன்று பேரும் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கிடுகிலும் படங்கிலும் ஊற்றினோம். மகள் சின்னச் செம்பில் கொண்டுவந்து கோழிகளின் தலையில் தெளித்தாள். கரண்ட் வரும்போது கொட்டிலின் ஒரு பக்கத்துக் கோழிகள் முழுக்கச் செத்துச் சரிந்து கிடந்தன.

அடுத்த நாளும் செத்தன. அதற்கு அடுத்த நாளும். எங்கள் படலைக்கு முன்னால் போகும் பாதையால்தான் சனங்கள் கோயிலுக்கு நடந்து போவார்கள், குளித்து முழுகி, வெறுங்காலோடு. மணம் வராமல் மண்ணுக்குள் தாட்டுவிட வேண்டும் என்று மனுசன் விடியக் கருக்கலிலேயே கிடங்கு வெட்டத் தொடங்கிவிடுவார். ஒரு காலை நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டாரிலயும் கிடங்கு வெட்டித்தான் சம்பளம் எடுத்தன்" என்றார். "அங்க தாட்டது பைப்."

சிரித்தார். நான் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய் அழுதேன்.

தீன் காசுக்கு ஏஜென்ட் தம்பி வந்தார். அவரும் விரதம், நெற்றியில் விபூதி. கொட்டிலைப் பார்த்தார், கிடங்குகளைப் பார்த்தார், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மனுசன் கதிரை போட்டார். இந்த முறை நான் தேத்தண்ணி போடவில்லை.

"ஏன் தம்பி ஊர் முழுக்க ஆயிரம் ஆயிரமாக் குடுத்திங்க?" என்று கேட்டேன்.

"அக்கா, ஆடி ஆவணி எண்டா எங்கட பக்கம் குஞ்சு போகாது. கோயில், விரதம். கம்பனியில முட்ட பொரிக்கிறத நிப்பாட்டேலா. பொரிச்ச குஞ்ச வச்சிரிக்கவும் ஏலா. அதுக்குத்தான் கழிவு போடுற."

"முதலே இதச் சொல்லியிரிக்கலாமே."

"நீங்க கேக்கல்லயே அக்கா."

நக்கலாகச் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் உண்மையாகவே சொல்லியிருப்பார், அந்த முகத்தில் அது தெரிந்தது. அவர்களுக்கும் தின்னும் சரக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. அதை எங்கள் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள், நாற்பது ரூபாயையும் தந்து. இருநூற்றைம்பது எடுக்கும்போதெல்லாம் ஆயிரம் கேள்வி கேட்கிற நான், ஆயிரம் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் என் மனுசன் போகவேண்டியிருக்கும்.

தம்பி போன பிறகு நான் மனுசனுக்கு வழி சொன்னேன். திருவிழா முடிந்தால் சனம் இறைச்சிக்கு ஓடும், விலை ஏறும், மிச்சக் கோழியை அதுவரை வைத்திருப்போம் என்றேன். வெல்லாவெளியில் கூலிக்கு வயல்வேலை இருக்கிறது என்றேன். என் கழுத்தில் கிடப்பதை அடகு வைக்கலாம் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "மிச்சம் நூற்றம்பதுதான் இரிக்கு புள்ள. அதுவும் தின்னுது" என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனார். யாரோடோ ஹிந்தியில் கதைப்பது கேட்டது. கதைத்து முடித்து வந்து, டிக்கெட் திகதிக்குள் போனால் பழைய வேலை இருக்கிறதாம் என்றார். இடையில் லீவு கேட்கமாட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் கூட்டித் தருவார்களாம். சொல்லிவிட்டாராம்.

முன்னே போனது வீடு கட்ட. கல்லிலும் சீமெந்திலும் கண்ணுக்கு முன்னால் ஏதோ வளர்ந்தது, ஓம் அதற்காகத்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது போவது தீன் காசுக்கு. செத்துத் தாட்ட கோழிகள் தின்ற தீன். அதை அடைத்து முடித்தால்கூட அவர் வந்து இறங்கிய நாளில் இருந்த இடத்துக்குத்தான் நாங்கள் வருவோம். என்னுடைய இருநூற்றைம்பதோடு சும்மா இருந்திருந்தால், அடுத்த லீவுக்காவது வந்திருப்பார். வழி தேடிப் போய் இருந்த வழியையும் அடைத்துக்கொண்டோம்.

தீர்த்தத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது புறப்பட்டார். களுவாஞ்சிகுடிக்குப் போய்க் கொழும்பு பஸ் எடுக்கவேண்டும், ஆகவே மண்டூர்த் துறையில் படகேறி வாவியைக் கடக்க வந்தோம். அக்கரையிலிருந்து வந்த படகு கோயிலுக்கு வரும் சனத்தால் நிரம்பியிருந்தது. கைக்குழந்தைகள், பூத்தட்டுகள், புதுச் சட்டைகள். எல்லாரும் இறங்கி முடியும்வரை அவர் பெட்டியோடு ஒதுங்கி நின்றார். பிறகு ஏறினார். அந்தப் பக்கம் போக அவரோடு இன்னும் ஒரு கிழவரும் ஒரு மோட்டார் சைக்கிளும்தான்.

மகள் அழவில்லை. அழுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கையைக் காட்டினாள், படகு சிறிதாகும்வரை காட்டினாள், பிறகு கையை இறக்கிக்கொண்டாள். அன்று காலையும் அவர்தான் தலை வாரிவிட்டிருந்தார். கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்குள் அவளைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். வீட்டுப் பாதைக்குத் திரும்பும்போது அவள் என் கையை இழுத்தாள்.

"அம்மா, அப்பா நிக்கிறதுக்குத்தானே நாம கோழி வாங்கின?"

"ஓம்."

"அப்பா போயிட்டார்தானே. மிச்சக் கோழிக்கு இனி ஏன் தீன் போடுற?"

வீட்டுக்கு வந்தோம். கொட்டிலுக்குள் அவை பசித்துக் கத்திக்கொண்டிருந்தன. உடுத்த சேலையையும் மாற்றாமல் போய், மூட்டையை அவிழ்த்துத் தீன் போட்டேன்.